பட்டியலில் நான் அடித்த பெயர்

என் அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கால் வலி இருக்காது என்று நம்புகிறேன். இங்கே திண்டிவனத்தில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. தவக்காலம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. கோயிலுக்கு முன்னால் பந்தல் போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ இருந்தவரை யாரும் தேடியதில்லை, ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பந்தல் நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கடிதத்தை நம் பங்கு மடலில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். எழுதுவது உனக்குத்தான், ஆனால் ஊரும் படித்தாக வேண்டும். படிக்கிறவர்களில் உன்னைத் தெரியாத புதுக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீ என் தங்கை பிலோமினாவின் புருஷன். மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், முப்பது வருஷம் மூட்டை தூக்கினவன். சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகும், தடித்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, வாரம் தவறாமல் கோயில் வளாகத்தைப் பெருக்கினவன். நீ போய் மூன்றாவது வருஷம் ஓடுகிறது.

உன்னைப் பெரிய புனிதனாக்கி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. பிரசங்கம் நீண்டால் வெளியே போய்ப் பீடி பிடிப்பாய். நான் கோயிலுக்குள் ஆங்கிலம் கலந்து அறிவிப்பு வாசித்தால், வாசலில் வந்து அதே மாதிரி வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பாய். எனக்குக் கோபம் வரும். அதெல்லாம் அப்படியே நினைவில் இருக்கட்டும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், அதன்பிறகு பங்குப் பேரவையின் செயலாளர். எந்தக் காரியமானாலும் முதலில் பட்டியல் போட வேண்டும் எனக்கு. பூசையில் யார் வாசகம் வாசிப்பது, யார் காணிக்கை ஏந்துவது, மாதா கெபித் திருவிழாவில் யார் எந்தப் பக்கம் நிற்பது, எல்லாவற்றுக்கும் என்னிடம் தாள் இருக்கும். நான் பின்வரிசையில்தான் உட்காருவேன், செருப்பை எல்லோருக்கும் கடைசியில் விடுவேன், விருந்தில் கடைசிப் பந்தியில் சாப்பிடுவேன். இதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் என்னைத் தாழ்ச்சியான மனுஷன் என்றார்கள். அப்படிச் சொல்வது என் காதில் விழுகிற தூரத்தில்தான் நானும் நிற்பேன்.

பெரிய வியாழன் மாலையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார் அல்லவா, அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியலும் என் கையில்தான். தெருவாரியாகக் குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு அன்பியமும் ஒரு பெயர் கொடுக்கும், நான் எழுதிக்கொள்வேன். கூடவே ஒரு சுற்றறிக்கையும் போவது வழக்கம். வலது காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, வெள்ளை வேட்டி கட்டி, அரை மணி நேரம் முன்னதாக வந்து நிற்கவும். எல்லோரும் அப்படியே வருவார்கள். சிலர் காலுக்குப் பவுடர் வேறு பூசியிருப்பார்கள். அப்போதிருந்த இளம் சாமியார் ஒரு முறை அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, "ஐயா, நீங்களே எல்லாத்தையும் கழுவி அனுப்பிட்டா நா எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் சுற்றறிக்கையை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் உங்கள் அன்பியம் உன் பெயரைக் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நீ விழுப்புரம் வரை போய் வேட்டி வாங்கிவந்தாய். பிலோ தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். மண்டியில்கூடச் சொல்லியிருந்தாயாம், சாமியார் காலைப் பிடித்துக் கழுவப்போகிறார் என்று, வேற்று மதத்துக்காரர்கள் நம்பாமல் கேட்டார்களாம்.

புதன்கிழமை ஒத்திகையில் நீ நாற்காலியில் உட்கார்ந்து வலது காலின் துணிக்கட்டைப் பிரித்தாய். விரல் எடுத்த இடம் முழுசாக ஆறவில்லை. அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பூசையைச் செல்போனில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கிற நம் பங்குப் பிள்ளைகள் பார்ப்பார்கள், ஆயர் இல்லத்தில்கூடப் பார்ப்பார்கள் என்று என் மனசு கணக்குப் போட்டது. இடது காலை நீட்டச் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, ஆனால் மற்ற பதினொரு பேரும் வலது காலை நீட்டும்போது நீ மட்டும் இடது காலை நீட்டினால் வரிசை கெடும் என்றும் தோன்றியது.

அன்று சாயங்காலமே உன் பெயரை அடித்துவிட்டு, புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பேங்க் அதிகாரியின் பெயரை எழுதினேன். சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னைக் கோயில் கிணற்றடியில் பார்த்து, "சாமியார் வாணான்னு சொல்ட்டாரு மச்சான், கால் புண்ணு இன்னும் ஆறலையாம்" என்றேன். இந்த ஒரு வரியைத்தான் மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நீ குனிந்து கால்கட்டின் முடிச்சை இறுக்கினாய். "அவுரு சொன்னா செரிதான். நா தண்ணி வாளி எடுத்துக்கினு வர்றேன்" என்றாய்.

மறுநாள் புது வேட்டி கட்டிக்கொண்டு, சாமியாருக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு, நொண்டியபடி பன்னிரண்டு நாற்காலிக்கும் நீ நடந்தாய். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பிலோ உட்கார்ந்திருந்தாள். நற்கருணை நன்மை வாங்க எழுந்து போகவில்லை. பூசை முடியும் முன்னே எழுந்து வெளியே போனவள்தான், அந்தக் கோயிலுக்குள் திரும்பக் காலெடுத்து வைக்கவில்லை.

நான்கு மாதத்தில் காலில் விஷம் ஏறி நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் அடக்கத்துக்கு வந்த சாமியார், செபம் முடிந்து பிலோவின் முன்னால் நின்று கைகூப்பினார். அவள் அத்தனை ஜனத்துக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை, மச்சான்.

அதற்குப் பிறகு ஊரே அந்தச் சாமியாரைப் பேசியது. நொண்டிக் காலைத் தொட அருவருப்புப்பட்டவர் என்றார்கள். அடுத்த வருஷம் வழக்கமான மாற்றலில் செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பங்குக்குப் போனார். வழியனுப்பு விழாவுக்கு வந்தவர்கள் குறைவு. வாழ்த்துரை நான்தான் வாசித்தேன். பிலோ கோலியனூரில் உன் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டாள். மூன்று முறை அவளைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும் வரை சொல்லிவிட வேண்டும் என்றிருக்கும். அங்கே போனதும் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இந்தத் தவக்காலத்தில் புதிதாக வந்திருக்கும் சாமியார், அன்பியத் தலைவர்களுக்கு ஒரு நாள் தியானம் ஏற்பாடு செய்தார். "தாழ்ச்சியைப் பத்தி நீங்கதான் பேசணும் ஐயா, உங்கள உட்டா யாரு?" என்றார். முதலில் இரண்டு முறை மறுத்தேன். மறுக்கவில்லை என்றால் தாழ்ச்சி இல்லை என்று ஆகிவிடும் அல்லவா. பிறகு ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு போய் நாற்பது நிமிஷம் பேசினேன். ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்கள் காலடியில் குனிந்ததைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது, சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் உங்கள் அன்பியத்து அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சவரியண்ணன் காலத் தொடாத சாமியாரு எங்க, நீங்க எங்க!" என்றாள்.

எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஐந்து பக்கத்தையும் கிழித்தேன். கிழிப்பதையாவது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறை வாசலைப் பார்த்தேன். என் மேலேயே எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். நம் கோயிலில் இல்லை. சாமியாருக்கு என் குரல் தெரியும். பஸ் ஏறி விழுப்புரம் போய், என்னை யார் என்றே தெரியாத ஒரு வயதான சாமியாரிடம் முழந்தாளிட்டேன். இதிலும் கௌரவம் பார்த்தவன் நான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தங்கச்சி வூடு எங்க இருக்குது?" என்றார்.

"கோலியனூருல, சாமி."

"இங்கருந்து அடிக்கொரு பஸ் இருக்குதே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பாவமன்னிப்புக் கொடுத்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

பிலோ தரையில் சாக்கை விரித்து, விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உன் மகள் வேலைக்குப் போயிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தேன். "இன்னாண்ணா, போன் கூட பண்ணாம வந்துக்கிறே?" என்றாள். நான் தலையைத் தூக்காமல் சொன்னேன், மச்சான். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பெயரை அடித்தவன் நான், அவர் மேல் பழியைப் போட்டவனும் நான் என்று. சுருக்கமாகத்தான் சொன்னேன். நீட்டினால் அதில் எனக்கு ஏதாவது ஒரு நியாயம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயமாக இருந்தது.

அவள் கை நிற்கவில்லை. இரண்டு கைப்பிடி உடைத்த பிறகு, "அந்த சாமியாரு இப்போ எங்க கீறாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"எங்கிட்ட வந்து கையக் கூப்பினு நின்னாரு. நா மூஞ்சத் திருப்பிக்கினேன். எத்தினி பேருகிட்ட அவரப் பத்தி சொல்லிக்கிறேன் தெரியுமா? மூணு வருசமா நன்ம வாங்காம கீறேன். நீ பாத்துக்கினே இருந்தியா?"

"ஆமாம்மா."

"மாத்தர சாப்டியான்னு கேட்டுக்கினு வந்தியே, அப்பக்கூடவா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்டு. சாப்ட்டுட்டு போ. எங்கிட்ட எதுவும் பேசாத" என்றாள். சாப்பிட்டேன். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பும் வரை அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

நான்காம் நாள் போன் வந்தது. "அவர நான் பாக்கணும். நீயும் வரணும். நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்" என்றாள்.

போனோம். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில், நான் கடைசி சீட்டில். நாங்கள் போனபோது சாமியார் லுங்கியும் பனியனுமாகக் கோயில் பின்னால் உட்கார்ந்து, கெட்டுப்போன மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். பிலோவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகத்தில் ஒரு தயக்கம். மறக்கவில்லை என்பது தெரிந்தது.

நான் நின்றபடியே சொன்னேன். "சாமி, சவரி பேர அடிச்சது நான். நீங்க வாணான்னு சொன்னதா அவன்கிட்ட பொய் சொன்னதும் நான்தான். இந்தப் பொண்ணு உங்ககிட்ட மூஞ்சத் திருப்பிக்கினது அதனாலதான். ஊரு உங்களப் பேசினப்ப நான் சும்மா இருந்தேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவர் பழைய துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இல்லியே ஐயா" என்றார். "சவரி என்கிட்ட வேற மாரி சொன்னாரே."

பிறகு அவர் சொன்னது இது. பெரிய வியாழன் அன்று பூசைக்கு முன்னால், சாமியார் உடுப்பு மாற்றுகிற அறையில், நீ வாளியோடு நிற்பதைப் பார்த்து அவர் கேட்டிருக்கிறார்: "சவரி, உங்க பேரு லிஸ்ட்ல இருந்திச்சே, நீங்க ஏன் வாளி தூக்கிக்கினு நிக்கிறீங்க?" நீ கதவு வழியாக வெளியே பார்த்தாயாம். நான் அங்கே நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தேனாம். "எனக்குத்தான் ஒரு மாரி கீது சாமி, நானே வாணான்னு சொல்ட்டேன். மச்சான்கிட்ட கேக்காதீங்க, சங்கடப்படுவாரு" என்றாயாம்.

மச்சான், அப்படியானால் அவர் கேட்டதுமே, பொய் சொன்னவன் நான் என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். பூசை தொடங்கும் முன்பே தெரியும். அதற்குப் பிறகும் நான்கு மாதம் என்னோடு டீக்கடையில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரியில் நான் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டாய். கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு பிலோவைப் பார்த்துக்கொள் என்றாய். ஒரு தடவைகூட உன் முகத்தில் அது வரவில்லையே? நான் நாற்பது நிமிஷம் பேசிய விஷயத்தை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? மல்லாட்டை மண்டியிலா?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பிலோவிடம் ஏன் சொல்லாமல் போனாய்? அவள் சாமியாரைத் திட்டும்போதெல்லாம் "உடு, உடு" என்று மட்டும் சொல்வாயாம். சொன்னால் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவான் என்று பயந்தாயா? நீ என்னைக் காப்பாற்றியதில் பழியைச் சுமந்தவர் அந்தச் சாமியார். உன் நல்ல மனசுக்கும் இன்னொருவர் வலிபட்டிருக்கிறார். அதுவும் என்னால்தான் என்றாலும், நீ ஒரு நாள் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.

பிலோ சாமியார் காலில் விழப் போனாள். அவர் பதறிப்போய்த் தடுத்து, கிரீஸ் கையோடு கைகூப்பினார். இந்த முறை அவளும் கூப்பினாள். நான் தள்ளிப் போய், பிரித்துப் போட்டிருந்த ஸ்டார்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை.

கிளம்பும்போது நான் சாமியாரிடம், இதை ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "என் பேருக்காக வாணாம் ஐயா, எனக்கு அது பழகிப்போச்சு" என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஒருவருக்கு அவமானம் பழகிப்போவதற்கு நான் காரணமாக இருந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் படிக்கிற பங்கு மக்களே, நீங்கள் அந்தச் சாமியாரைப் பற்றி நினைத்தது பொய். பொய் என்னுடையது. செயலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். இதைத் தாழ்ச்சி என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

திரும்பி வரும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பிலோ தானாகவே என்னிடம் பேசினாள், மச்சான். ஜனக் கூட்டத்தில், கோலியனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது.

"குருத்தோல ஞாயித்துக்கு நம்ம கோயிலுக்கு வர்றேன். நன்ம வாங்கணும். ஆனா உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. எனக்கு இன்னும் முடியல. எம்பக்கத்துல வந்து நிக்காத."

சரி என்றேன். அதற்கு மேல் சொல்லவும் கூடாது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற குருத்தோலை ஞாயிறும், அதற்குப் பின் அவள் வருகிற எல்லா ஞாயிறும், ஆண்கள் பக்கத்தில் அவளுக்கு ஒரு வரிசை பின்னால் நான் நிற்பேன். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். அவளைக் கூப்பிட மாட்டேன், யார் மூலமும் சொல்லி அனுப்ப மாட்டேன், எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ண மாட்டேன். அவள் முதுகைப் பார்த்துக் கைகூப்பி நிற்பேன். அவள் திரும்பினாலும் நிற்பேன், திரும்பாவிட்டாலும் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பிலோமினாவுக்கு இன்னும் அண்ணனாக இருக்க விரும்பும்
அருளப்பன்,
திண்டிவனம்.